ஒரே ஓடை, இரண்டு வெள்ளம்

அத்தியாயம் ஒன்பது

மறியற்சாலை வாசலைத் தாண்டி வெளியே வந்த ஜெயராஜா தொப்பியைத் தலையில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பொலிஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய நாள் முதல், அவர் பிடித்துக் கொடுத்தவர்கள் அவரைத் திட்டியிருக்கிறார்கள், மண் அள்ளித் தூற்றியிருக்கிறார்கள், ஒருவன் செருப்பைக் கழற்றியே எறிந்திருக்கிறான். அதெல்லாம் பழகிப்போன சங்கதி. இன்றைக்குக் கம்பிக்குப் பின்னால் நின்ற நில அளவையாளன் கனகசிங்கம் அப்படி ஒன்றும் செய்யவில்லை. "நல்ல வெயில். தண்ணி ஏதும் குடிச்சீங்களா ஐயா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில்தான் ஜெயராஜா தொப்பியை மறந்தார்.

வெளியே வாகை மர நிழலில் அவருடைய பழைய ஒஸ்ரின் கார். அதற்குள்ளே றோஸ்மேரி கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயராஜாவின் மனைவி மார்கிறட்டின் தங்கை. கந்தோரில் கடிதம் அடிக்க வந்தவள், இப்போது அத்தான் துப்பறியப் போகிற இடமெல்லாம் கூடவே போகிறாள். வாயைத் தவிர மற்றதெல்லாம் அடக்கமான பிள்ளை என்பது மார்கிறட்டின் நற்சான்றிதழ்.

"என்னவாம் கள்ளன்?" என்றாள்.

"கள்ளனெண்டு சொல்லாத."

"நானா சொன்னன்? போன கிழமை நீங்க சொன்னீங்க, நான் தட்டச்சில அடிச்சன். பொலிசுக்குப் போன பிரதியில எழுத்துப் பிழைகூட இல்ல."

"எழுத்தில பிழை இல்ல புள்ள. ஆளிலதான் பிழை" என்று சொல்லிவிட்டு ஜெயராஜா ஸ்ரியரிங்கைப் பிடித்தார்.

சங்கதி இதுதான். கல்லடிக்குத் தெற்கே வாவியில் விழுகிற தில்லையோடையின் வடகரையில், மீன்பிடிக் குடும்பங்களுக்கென்று ஒரு வீட்டுத் திட்டம் வந்தது. கட்டுவதற்கு முன், ஐம்பத்தேழாம் ஆண்டுப் பெருவெள்ளம் எந்த உயரத்தில் நின்றது என்று வீடு வீடாகக் கேட்டு, சனங்கள் காட்டிய இடத்தில் சிவப்பு மை வைத்து, அந்த உயரங்களை அளந்து கொடுத்தவன் கனகசிங்கம். அதை வைத்து எஞ்சினியர் றோய் ஓடையையே சின்னதாகச் சீமெந்தில் செய்து தண்ணீர் விட்டுப் பார்த்து, வீட்டுத் தளம் இவ்வளவு உயரம் இருந்தால் போதும் என்று சொன்னார். வீடுகள் எழும்பின. போன மார்கழியில், ஐம்பத்தேழில் பாதிகூடப் பெய்யாத மழைக்கே, தண்ணீர் அந்த வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு வீட்டின் பக்கச் சுவர் ஊறிச் சரிந்து, அருளப்பு என்ற மீனவன் அதன் கீழே செத்துப்போனான்.

அருளப்புவின் மனைவி ஜோசப்பின்தான் ஜெயராஜாவைத் தேடி வந்தவள். "என்ட மனிசன்ட சாவுக்கு ஆர் காரணமெண்டு எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டாள். அழவில்லை. அதனாலேயே ஜெயராஜா மனம் இளகி, அவசரப்பட்டு, அளவைப் பொய்யாக எழுதியவனைத் தேடினார். கனகசிங்கத்தின் வீட்டில் புத்தம் புதிய சைக்கிள் ஒன்று நின்றது. தளம் தாழ்ந்தால் செலவு மிச்சம் என்று வீடு கட்டிய கொந்தராத்துக்காரன் கொடுத்த கைலஞ்சம் என்று முடிவு கட்டிவிட்டார். இன்று காலைதான் ஸ்ரேசன் மாஸ்ரர் வழியில் கண்டு சொன்னார், அந்தச் சைக்கிள் கனகசிங்கத்தின் தம்பி கொழும்பிலிருந்து ரயிலில் ஏற்றிவிட்டது, தானே இறக்கிக் கொடுத்தது என்று.

"நானும் போன மாதம் புதுக் குடை வாங்கினன் அத்தான்" என்றாள் றோஸ்மேரி. "விலங்கு கொண்டு வந்தீங்களா?"

"குத்தாத றோசி. நாளைண்டைக்குத் திங்கட்கிழமை. கோட்டில நான்தான் முதல் சாட்சி. அந்தப் பொடியனுக்கு வீட்டில பொஞ்சாதியும் கைக்குழந்தையும். சைக்கிள் மட்டும் பொய்யெண்டு நிரூபிச்சா காணாது. அளவு பொய்தானே? அதை எழுதினது அவன்ட கைதானே? வேற ஆள் இல்லாட்டி அவனை விடமாட்டாங்க."

"அவன் என்ன சொல்லுறான்?"

"சனங்கள் காட்டின இடத்தில மை வச்சனாம். ரெண்டு கரையிலயும் அப்பிடித்தானாம்."

றோஸ்மேரி கச்சான் கோதை வெளியே கொட்டினாள். "ரெண்டு கரையா? நாங்க வடகரை அளவைத்தானே பாத்தம்?"

ஜெயராஜா காரைக் கிளப்பினார்.

கல்லடிப் பாலத்தில் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு வழிவிட்டு நின்றபோதுகூட றோஸ்மேரி ஏதோ பகிடி சொன்னாள். ஜெயராஜாவுக்குக் காதில் விழவில்லை. ஒரு மனிதனை மறியலுக்குள் தள்ளுவது எவ்வளவு சுகமான வேலை, வெளியே எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் றோயின் சீமெந்து ஓடை கடற்கரைப் பக்கம், முன்பு தேங்காய் உலர்த்திய ஒரு பழைய கொப்பரா வாடிக்குள் கிடந்தது. ஒரு வள்ளத்தின் நீளத்துக்குச் சீமெந்துத் தரை, அதில் வளைந்து வளைந்து போகிற பள்ளம், மேல் முனையில் குழாய் பூட்டிய பீப்பாய், கீழ் முனையில் வாவிக்குப் பதிலாக ஒரு தகரத் தொட்டி. வடகரையில் சின்னச் சின்ன மரக்கட்டைகளாக வீடுகள். கரையோரத் தில்லை மரக் காட்டுக்குப் பதிலாகத் தேங்காய்த் தும்பு ஒட்டியிருந்தது. தும்பைக் கூட்டினால் தண்ணீர் தடைப்பட்டு உயரும், குறைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

"வாங்க மிஸ்ரர் ஜெயராஜா!" என்றார் றோய். அரைக் காற்சட்டையும் சேறு பிடித்த கால்களுமாக நின்றாலும் சீமையில் படித்த களை முகத்தில் இருந்தது. "ஆளைத்தான் பிடிச்சாச்சே, மறுகா என்ன?"

"உங்கட வெள்ளத்தை ஒருக்கா ஓடவிட்டுக் காட்டுங்க."

கேட்டதுதான் தாமதம், றோய் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, வளைவுகளில் சுழித்து, கரை மேல் ஏறியது. வடகரை நெடுகச் சிவப்புத் தலை ஆணிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்காரர் காட்டிய வெள்ளத்தின் உயரம். தண்ணீர் ஒவ்வோர் ஆணியின் தலையையும் தொட்டும் தொடாமலும் போய், மரக்கட்டை வீடுகளின் காலடியில் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்த அழகை நம்பித்தான் அருளப்பு படுத்துத் தூங்கினான் என்று நினைத்தபோது ஜெயராஜாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"தென்கரை ஆக்கள் என்ன பாவம் செய்தவங்க?" என்று றோஸ்மேரி கேட்டாள். "அவடத்த ஓர் ஆணியும் இல்லையே?"

அவள் குந்தியிருந்து எதிர்க்கரைச் சீமெந்தை விரலால் தடவினாள். "இஞ்ச பாருங்க அத்தான், அம்மைத் தழும்பு மாதிரிக் கிடக்கு." வரிசையாகச் சின்னத் துளைகள். புதுச் சீமெந்து வைத்து அடைத்திருந்தது.

றோய் குழாயை மூடினார். "அங்கயும் அளந்தது. நான் பாவிக்கேல்ல."

"ஏன்?"

"அவங்க வேளாண்மைக்காரர், மிஸ்ரர் ஜெயராஜா. ஐம்பத்தேழில நிவாரணம் குடுக்கேக்க நான் இஞ்சதான் வேலை. முழங்கால் தண்ணிக்குக் கழுத்தைக் காட்டி அரிசி வாங்கின ஆக்கள். இந்தக் கரையில முழங்கால், அந்தக் கரையில நெஞ்சு எண்டா எப்பிடி? கூட்டிச் சொன்னதைத் தள்ளிப்போட்டன்."

"சரியாத்தான் இருக்கும்" என்றாள் றோஸ்மேரி. "தென்கரையில வயல் வச்சிருக்கிற போடியாரைக் கண்டு தண்ணி மரியாதையா எழும்பி நிண்டிருக்கும்."

றோயின் காது சிவந்தது. ஜெயராஜா அவரை விடவில்லை. "அந்த ஆணியள் கிடக்கா?"

கிடந்தன. ஒரு சிகரெட் ரின்னுக்குள், வெட்டிய உயரம் வெட்டியபடி. றோய் துளைகளைக் குத்தித் திறந்து அவற்றைத் திரும்ப நட்டார். "தும்பு?" என்றார் ஜெயராஜா. "முதன்முதல் எவ்வளவு ஒட்டினீங்க?"

றோய் கரையில் ஒட்டியிருந்த தும்பை விரலால் கிள்ளிப் பார்த்தார். "இதைவிடக் கூட" என்றார் பிறகு. "உண்மையான காட்டுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஒட்டினன். ஓடவிட்டா தண்ணி வடகரை ஆணியெல்லாத்தையும் மூடிப்போட்டுது. நான் என்ட தும்பிலதான் பிழை எண்டு நினைச்சுக் குறைச்சன்."

"திரும்ப ஒட்டுங்க."

ஒட்டினார். குழாய் திறந்தது. தண்ணீர் இந்த முறை அவசரப்படவில்லை. தும்புக்குள் முட்டி, தேங்கி, அகலித்து, தென்கரை ஆணிகளின் தலையை ஒன்றும் பிசகாமல் தொட்டுக்கொண்டு நின்றது. வடகரையில் சிவப்பு ஆணிகளைக் காணவில்லை. மரக்கட்டை வீடுகளில் ஒன்று மிதந்து, மெதுவாகத் திரும்பி, தகரத் தொட்டியை நோக்கிப் போனது. றோய் அதை எட்டிப் பிடிக்கப் போய், பிடிக்காமலே கையை எடுத்துக்கொண்டார்.

"ஆக, தென்கரை உண்மை, வடகரை பொய்" என்றார் ஜெயராஜா. "ரெண்டையும் அளந்தது ஒரே ஆள். லஞ்சம் வாங்கினவன் ஒரு கரைக்குப் பொய் எழுதிப்போட்டு, எதிர்க்கரைக்கு உண்மையை எழுதித் தன்னைத்தானே காட்டிக் குடுப்பானா?"

"சைக்கிள் வந்த சந்தோசத்தில மறந்திருப்பான்" என்றாள் றோஸ்மேரி.

ஜெயராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கனகசிங்கம், சனங்கள் காட்டியதைக் காட்டியபடி எழுதிய நேர்மைக்காரன். இந்த ஒரு கேள்வியை ஒரு கிழமைக்கு முன் வந்து கேட்டிருந்தால் அவன் இன்று வீட்டில் குழந்தையோடு இருப்பான். கேட்கவில்லை. சைக்கிள் கண்ணை மறைத்துவிட்டது.

றோய் பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளத்தைக் கூட்டிச் சொல்லுறவங்களை நான் நிறையக் கண்டிருக்கிறன். குறைச்சுச் சொல்லுறவங்க ஆர்? என்னத்துக்குக் குறைப்பாங்க?"

"அதைத்தான் கேக்கப் போறன்" என்றார் ஜெயராஜா.

வடகரையின் பழைய குடியிருப்பில் இப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு மண் வீடு. மற்றவர்கள் கூரை மரங்களைக் கழற்றிக்கொண்டு புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். வரிசையின் முதல் வீடான இதை மட்டும் வலை வைக்கவென்று விட்டிருந்தார்கள். அருளப்புவின் வீடு. போன மார்கழித் தண்ணீர் ஓடையின் மேல் வளைவிலேயே தேங்கி நின்றுவிட்டதால் இதற்குள் வரவில்லை. சர்வே ஆட்கள் முதலில் கேட்டதும் இந்த வீட்டில்தான். வாசல் நிலையில் கனகசிங்கம் வைத்த சிவப்பு மை அப்படியே இருந்தது, ஜெயராஜாவின் முழங்காலுக்கு நேரே.

"சுவரில வெள்ளத்தின்ட தடம் ஒண்டும் இல்ல" என்றார் ஜெயராஜா உள்ளே பார்த்து. சுவர் முழுக்கப் பளிச்சென்ற வெள்ளை.

"எப்பிடி இருக்கும்? யேசு பிறந்த நத்தாருக்கு நத்தார் சுண்ணாம்பு அடிக்கிற வீடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போன றோஸ்மேரி சட்டென்று நின்றாள். "அத்தான், அங்க பாருங்க."

உள்சுவரில், குவிந்து கிடந்த வலைகளுக்கு மேலே, ஒரு சுளகு அளவுக்குச் சதுரமாகச் சுண்ணாம்பு படாத இடம். மேலே ஓர் ஆணி.

"படம் மாட்டின இடம்" என்றாள். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான். அந்தோனியார் படத்தைச் சுவரில இருந்து கழட்ட விடமாட்டா. சுண்ணாம்பு அடிக்கிறவன் படத்தைச் சுத்தித்தான் அடிப்பான். வீடு மாறேக்க மட்டும்தான் படம் இறங்கும். உங்களைப் போல மெதடிஸ்ற் ஆக்களுக்கு இதெங்க தெரியப்போகுது? உங்கட வீட்டில படமுமில்ல, தழும்புமில்ல."

ஜெயராஜா வலைகளை விலக்கிக்கொண்டு கிட்டப் போனார். முழந்தாளிட்டுச் செபிப்பவர்களுக்கு முகம் தெரியவேண்டும் என்று படத்தைத் தாழ்வாகத்தான் மாட்டியிருந்தார்கள். சதுரத்தின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, மண்ணிறத்தில் ஒரு கோடு ஓடியது. ஐம்பத்தேழு வெள்ளம் வந்து நின்று வற்றிய கோடு. ஒவ்வொரு நத்தாருக்கும் சுவரின் மற்ற இடமெல்லாம் அது மறைந்துகொண்டு போக, படத்துக்குப் பின்னால் மட்டும் ஒளிந்திருந்தது. கனகசிங்கம் வந்தபோது படம் சுவரில்தான் இருந்திருக்கும், பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜெயராஜா நிமிர்ந்து நின்று பார்த்தார். கோடு அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது.

வாசல் நிலையில் முழங்கால். உள்சுவரில் நெஞ்சு. இந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஜெயராஜா றோஸ்மேரியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஒரு பகிடியும் வரவில்லை. மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

"கார் சத்தம் கேட்டுது" என்று வாசலில் ஒரு குரல். ஜோசப்பின் நின்றாள்.

அவளுடைய கண் நேரே அந்தச் சதுரத்துக்குப் போனது. பிறகு ஜெயராஜாவின் முகத்துக்கு வந்தது. உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஜெயராஜா தன்னுடைய வேலையில் ஒருபோதும் செய்யாத காரியம் ஒன்றை அப்போது செய்தார். பதிலையும் தானே சொல்லிக் கேள்வி கேட்டார். "சர்வே ஆக்களுக்குத் தண்ணி நிண்ட இடத்தைக் காட்டினது உங்கட மனிசன்தானே?"

செத்தவன் தலையில் போட்டுவிடலாம். கனகசிங்கம் வெளியே வருவான், இவளும் நிம்மதியாக இருப்பாள், தானும் இரவில் கண்ணை மூடலாம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜெயராஜா அந்தச் சொல்லுக்காக வெட்கமில்லாமல் காத்திருந்தார்.

"இல்ல ஐயா" என்றாள் ஜோசப்பின். "அவர் சரியாத்தான் காட்ட வெளிக்கிட்டவர். நெஞ்சில கையை வச்சவர். நான்தான் அந்தக் கையைப் பிடிச்சு முழங்காலுக்கு இறக்கினன்."

அவளுடைய கண் நிலையிலிருந்த சிவப்பு மையில் நின்றது. அவளே சொன்னாள்.

"வெள்ளம் ஏறுற காணிக்கு வீடு இல்லையெண்டு ஊருக்குள்ள கதைச்சவங்க. சீமெந்து வீடு ஐயா. ஓடு போட்ட வீடு. இந்தக் குடிலுக்குள்ள ரெண்டு புள்ளையளைப் பறிகுடுத்தவள் நான், காய்ச்சலுக்கு. நான் முழங்காலைக் காட்டினன், பக்கத்து வீட்டாளும் முழங்காலைக் காட்டினா. மறுகா எல்லாரும் அப்பிடியே. அவர் சிரிச்சவர். 'உன்ட வெள்ளம் நல்ல வெள்ளம்டி' எண்டு சொன்னவர்."

"என்னட்ட ஏன் வந்தீங்க?" என்று கேட்டார் ஜெயராஜா.

"நீங்க கெட்டிக்காரனெண்டு சொன்னாங்க. தேடித் தேடி என்னட்டத்தான் வந்து நிப்பீங்கெண்டு நினைச்சன். நானாச் சொல்லுறதுக்கு வாய் வரேல்ல. நீங்க அந்தச் சர்வேயர் பொடியனைச் சொன்னீங்க. படிச்சவர் சொல்லுறார், அப்ப சரியாத்தான் இருக்குமெண்டு..." அவள் நிறுத்தினாள். "அவனைப் பிடிச்ச பிறகுதான் ஐயா நான் நித்திரை கொண்டன். இந்தக் கிழமை முழுக்க நல்ல நித்திரை."

சபித்திருந்தால், அழுதிருந்தால், ஜெயராஜா தாங்கியிருப்பார். அவள் கணவனைக் கொன்றதென்று அவள் நம்புகிற கை அவளுடைய கைதான், ஆனால் அந்த நித்திரையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அவருடைய கை. அதுவும் இன்னொருத்தனை மறியலில் வைத்து.

"திங்கட்கிழமை நான் கோட்டில என்ட பிழையைச் சொல்லுவன்" என்றார். "இந்தச் சுவரில கிடக்கிற வெள்ளக் கோட்டைக் காட்டுவன். றோய் எஞ்சினியரும் வந்து சொல்லுவார். உங்கட பேரைச் சொல்லாம ஏதும் செய்யலாமோ எண்டு பாப்பம்."

"பேரைச் சொல்லாட்டி அவனை விடுவாங்களா?"

ஜெயராஜா பொய் சொல்ல வாயெடுத்து, முடியாமல், "விடுவாங்களெண்டு சொல்ல ஏலா" என்றார்.

"சொன்னா, இந்தக் கரையில ஒரு வீடும் மிஞ்சாது. எல்லாரையும் காணியை விட்டு எழுப்பிப் போடுவாங்க. ஊரே என்ட முகத்தில முழியாது." அவள் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, தலையில் சீலையை இழுத்துப் போட்டாள். "இருக்கட்டும். எழுப்பினா உயிரோடயாவது கிடப்பாங்க. வரப்போற மாரிக்கு வேற ஆர்ட மனிசனை எடுக்குமோ? நான் வாறன் ஐயா, சொல்லுறன்."

றோஸ்மேரி போய் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சர்வேயருக்குப் பொஞ்சாதி இருக்கா?" என்று ஜோசப்பின் கேட்டாள்.

"இருக்கா. ஆரையம்பதியில."

"கோட்டுக்குப் போக முதல் நான் அவட முகத்தைப் பாக்கோணும். அவ ஊராக்கள் சொல்லிக் கேள்விப்படக் கூடாது, என்ட வாயால கேக்கோணும். இப்பவே கூட்டிக்கொண்டு போவீங்களா?"

ஜெயராஜா தலையாட்டினார். தொப்பியை எடுத்தார், திரும்ப வைத்தார். கார்ச் சாவி எந்தப் பொக்கற்றில் என்று தேடிக்கொண்டே நின்றார். அது கையில்தான் இருந்தது.

ஜோசப்பின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க அந்த வீட்டுக்குப் போனீங்களா ஐயா, அவனைப் பிடிச்ச பிறகு?"

"இல்ல" என்றார் ஜெயராஜா.

"அப்ப ரெண்டு பேருமாப் போவம்" என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்னே காரை நோக்கி நடந்தாள் ஜோசப்பின்.